வண்டியில் ஏறாதவள்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காவுக்குத்தான் தோன்றியது. கதை எழுதுகிறவனுக்குக் கதை உள்ளேயிருந்து வரும் என்பார்கள். எனக்கு இது போனில் வந்தது.

"தம்பி, நம்ம சபை கட்டி நூத்தம்பது வருஷம் ஆகுது. முன்வாசல்ல ஐயாவுக்கு ஒரு கல்லு பதிக்கப்போறாங்க. விழா மலருக்கு அவரைப் பத்தி ஒரு பக்கம் வேணுமாம். நான் உன் பேரைச் சொல்லிட்டேன்."

"ஒரு பக்கம்தானே?"

"ஒரு பக்கம்தான். ஆனா எல்லாம் வந்துடணும். எங்கெங்க ஊழியம் பண்ணாரு, பிள்ளைங்க யார் யாரு, அவங்க வழியில இப்ப யார் யார் இருக்காங்க, எல்லாம். முக்கியமா அந்தப் பிரசங்கம் வரணும்."

ஐயா என்பது எங்கள் தாத்தாவின் தாத்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஐயா' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு பெயர் கிடையாது. ஆண்டவரைக்கூட இன்னும் கொஞ்சம் உரிமையோடு கூப்பிடுவோம்.

பிரசங்கம் இதுதான். ஓர் ஊரிலிருந்து மாற்றலாகிப் புறப்படும் சமயத்தில் அவருடைய மூத்த மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். புதிய ஊரில் முதல் ஞாயிறு. பிரசங்க மேடை ஏறினார். "அன்பானவர்களே, என் மூத்த மகளைப் பறிகொடுத்துவிட்டு வந்து உங்கள் முன் நிற்கிறேன்" என்று தொடங்கினார். குரல் நடுங்கவில்லை. சபையே விம்மியது, அவர் மட்டும் கடைசி வரை நின்று பேசி முடித்தார். பிற்பாடு அதே ஊரில் அவருடைய கடைசி மகன் குடியேறினார். நாங்கள் அந்த வழி. மற்ற குடும்பங்களுக்கு நிலமோ வீடோ வந்துசேர்ந்திருக்கும். எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் வந்து சேர்ந்தது.

2

தொடக்கங்கள்.

'கொட்டும் மழையில், குதிரையின் கழுத்தைத் தழுவியபடி அந்த இளம் போதகர் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தபோது'

(நிறுத்திவிட்டேன். அவரிடம் குதிரை இருந்ததற்கு ஆதாரமில்லை. ஆறும் நானாக வெட்டியது.)

'மெதடிஸ்ட் போதகர் ஓரிடத்தில் வேர்விட முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சபை அவரை வேறு சேகரத்துக்கு, வேறு ஊருக்கு, மாற்றும். உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.'

(இது உண்மை. ஆனால் கதையின் முதல் வரி சுற்றறிக்கை மாதிரி இருந்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

'அவர் அழவில்லை.'

(இது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடிக்கும் என்று தெரியும். இதற்கடுத்த வரி மட்டும் வரவே இல்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து மூடினேன். நாற்காலியில் முள் இருந்த மாதிரி இருந்தது.)

3

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சொல்லவும் பிடிக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கணக்கு டீச்சர். இப்போது ஓய்வு. அவளுக்கு ஒரே மகன். நண்பனை ரயில் ஏற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பியவன், வீட்டுக்கு வரவில்லை. வியாழக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலையில் அக்கா புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

"லீவு போடேன்க்கா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"ஐயா நின்னாருல்ல? நானும் நிப்பேன்."

நின்றாள். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பிரசங்கத்தைச் சொன்னாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆறுதல் வாங்கிக்கொண்டு போனார்கள். அடக்கத்தின்போதும் அவள் அழுததை நான் பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாராவது மகன் பெயரை எடுத்தால், கொஞ்சம் பேசிவிட்டு ஐயாவிடம் போய்விடுவாள்.

ஆகவே அந்த ஒரு பக்கம் சாதாரணப் பக்கம் இல்லை. தேர் அச்சாணி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துத் துடைத்துத் தரச் சொல்லியிருந்தாள்.

4

ஐயா இருந்த ஊர்களுக்கெல்லாம் போனேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் ஊரில் ஞானஸ்நானம். வம்சாவளி தேடுகிறவனுக்கு மெதடிஸ்ட் போதகரைப் போல எதிரி யாரும் கிடையாது. ஒரு வீட்டுப் பிள்ளைகளைத் தேடி அரை டஜன் ஊர்களுக்கு பஸ் ஏற வேண்டும்.

(சபைப் பதிவேடுகளில் ரகசியம் எதுவும் இல்லை. கதைகளில் வருகிற மாதிரி மடித்த தாள் ஒன்று உள்ளேயிருந்து நழுவி விழவில்லை. தும்மல்தான் வந்தது.)

மூத்த மகளின் ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது. அடக்கம் எங்கும் இல்லை. அதில் ஆச்சரியமில்லை, பாதிப் பக்கங்களைக் கரையான் வாசித்து முடித்திருந்தது. கல்லறையாவது இருக்கும், விழா மலருக்குப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று, அவர்கள் அப்போது குடியிருந்த ஊருக்குப் போனேன். சபைக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். சாய்ந்த கல், விழுந்த கல், எழுத்து உதிர்ந்த கல் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனதில், என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்று புல்லில் விழுந்துவிட்டது. ஒற்றைக் காதில் கண்ணாடி தொங்க, சபைக்கு எதிரிலிருந்த கடைக்குப் போனேன். பாதிக் கடை கைக்கடிகாரம், பாதிக் கடை மூக்குக்கண்ணாடி.

(கதையில் ஒரு தற்செயலுக்குத்தான் அனுமதி என்பார்கள். என் பங்கைச் செலவழித்துவிட்டேன். ஆனால் அந்தக் கடையில் இருந்தவர் அங்கே இருப்பதற்குக் காரணமே... அவசரப்படுகிறேன்.)

கடையில் என் வயதுள்ள ஓர் அம்மா. பூதக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார்.

"யாரை சார் தேடுறீங்க அங்க? ரொம்ப நேரமா குனிஞ்சு குனிஞ்சு போய்க்கிட்டிருந்தீங்களே."

"எங்க குடும்பத்துப் பிள்ளை ஒண்ணு. அந்தக் காலத்துல இங்க இருந்த போதகரோட மூத்த பொண்ணு. காய்ச்சல்ல செத்துட்டா."

"எந்தப் போதகர்?"

பதிவேட்டில் பார்த்த பெயரைச் சொன்னேன். திருகைப் பிடித்திருந்த இடுக்கியை அவர் மெதுவாகக் கீழே வைத்தார்.

"செத்துட்டாளா? யாரு சொன்னது?"

"அவரே சொல்லியிருக்காரு. பிரசங்கத்துல."

"அவ செத்திருந்தா நான் எங்கேருந்து சார் வந்தேன்?"

5

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த அம்மா பூதம் இல்லை. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"எங்கம்மாவோட பாட்டிக்கு அம்மா அவ. எங்கம்மா சின்னப் பிள்ளையில கண்ணால பாத்திருக்காங்க. எங்க வீட்டுல அவளுக்கு 'நின்னவ'ன்னுதான் பேரு. மாத்தல் வந்திருக்கு. வண்டி கட்டி, சாமான் ஏத்தி, எல்லாரும் ஏறியாச்சு. இவ மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு 'நான் வரல'ன்னிருக்கா. பதினாலோ பதினஞ்சோ வயசு. ஒரு ஊர்ல சிநேகிதி கிடைச்சதும் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுன்னா, பிள்ளைக்குக் கோவம் வராதா? சும்மா கோவத்துல சொன்னதுதான். அவங்க அப்பா என்ன சொன்னாரு தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"'சரி'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வண்டி போயிடுச்சு. கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்திருந்தா ஏறியிருப்பேன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாளாம். எதுத்த வீட்டு டீச்சரம்மாதான் கூட்டிட்டுப் போய் வளத்தாங்க. அப்புறம் இந்தக் கடைக்காரரைக் கட்டிக்கிட்டா. அப்ப இது வெறும் கடிகாரக் கடை."

"அவர் திரும்ப வரவே இல்லையா?"

"அதை நீங்கதான் சார் சொல்லணும். அவரு உங்க பக்கத்து ஆளு."

திருகைப் போட்டுத் துடைத்து, கண்ணாடியை அவரே என் முகத்தில் மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது.

6

இங்கே கதாபாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள், வேறு வழியில்லை.

அவர் பொய் சொன்னாரா? அந்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். 'பறிகொடுத்துவிட்டு வந்து' என்றார். செத்துப்போனாள் என்று சொல்லவே இல்லை. காய்ச்சலைச் சபை சேர்த்திருக்கலாம். அல்லது எங்கள் வீடு சேர்த்திருக்கலாம். தமிழில் பறிகொடுப்பதற்கு யாராவது பறித்திருக்க வேண்டும். இவரிடமிருந்து பறித்தது யார்? சபையின் மாற்றல் உத்தரவா? அந்தப் பெண்ணின் பிடிவாதமா? இவருடைய 'சரி'யா?

ஒரு ஐயாவை எழுதிப் பார்த்தேன்: 'கீழ்ப்படியாத பிள்ளை தன் பிள்ளை அல்ல என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். தெருவைத் திரும்பியும்'

(வேண்டாம். கல் நெஞ்சுக்காரரை எழுதுவது சுலபம். அவர் பேசவே மாட்டார், நமக்கும் வேலை மிச்சம்.)

இன்னொருவரை எழுதினேன். கெஞ்சத் தெரியாதவர். மேடையில் நின்றால் நூறு பேரை மனந்திரும்ப வைப்பார். வாசலில் நிற்கும் ஒரு பெண்ணிடம் 'வாம்மா' என்று இரண்டாவது தடவை சொல்ல வாய் வராது. இவரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லா ஆண்களும் இவர்தான். "சாப்பிடுறீங்களா?" என்று விருந்தாளியிடம் ஒருமுறை கேட்போம். அவர் மரியாதைக்கு "வேண்டாம்" என்பார். தட்டு உள்ளே போய்விடும். "நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு ரெண்டாவது தடவை வாய் திறக்காதுடா" என்று அக்கா எத்தனையோ விருந்தாளிகளைத் தெருவரை ஓடிப்போய் அழைத்து வந்திருக்கிறாள்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கா போனில் கேட்டாள்: "கல்லறை கிடைச்சுதா?"

"நிறையக் கல்லு விழுந்து கிடக்குதுக்கா. ஒண்ணும் படிக்க முடியல."

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, ஐயா செய்ததும் இதேதான்.

அந்தப் பக்கத்தை எழுதி முடித்தேன். 'அவர் அழவில்லை' என்று தொடங்கும். பிரசங்கம் முழுசாக வரும். கல்லுக்கும் ஒரு வரி கேட்டிருந்தார்கள்: 'மகளை இழந்தும் ஊழியத்தில் நிலைத்தவர்'. அந்த வரி அக்காவுடையது. நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

7

கதை இங்கே முடிந்திருக்கும். கண்ணாடிக்கடை அம்மா போன் செய்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் வர்றேன். அவரு போய்ச் சேர்ந்த ஊரைப் பாக்கணும்னு எங்கம்மாவுக்கே ஆசை. அவங்களாலதான் முடியல. உங்க அக்காவையும் பாத்துட்டுப் போயிடுறேன்."

அக்கா மகனைப் பற்றிச் சொன்னேன். பிரசங்கத்தைப் பற்றியும் சொன்னேன்.

"ஐயோ, நான் எதுக்கு சார் வாயைத் திறக்கிறேன்? சும்மா சொந்தம் பாக்க வர்றேன், அவ்வளவுதான்."

சொந்தம் பார்க்க வருகிறவர் வாயைத் திறக்காமல் இருக்க முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டாள்.

"ரொம்ப சந்தோஷம்மா. எந்த வழியில சொந்தம்?"

"ஐயா வழியிலதான்க்கா."

"அது சரி, ஐயாவோட எந்தப் பிள்ளை வழி?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் "தூரத்துச் சொந்தம்க்கா" என்றேன்.

"எவ்வளவு தூரம்னாலும் ஒரு இடத்துல தொடங்கணும்ல?" அக்கா விரல்களை மடக்க ஆரம்பித்தாள். "ரெண்டாவது மகன் வக்கீல். அவர் வழியில எல்லாருக்கும் நான் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கேன், உன்னை அதுல பாத்ததில்ல. மூணாவது கல்யாணமே பண்ணிக்கல. நாலாவதுக்குக் குழந்தை இல்ல. கடைசி நாங்க."

கட்டை விரல் மட்டும் மடங்காமல் நின்றது. கணக்கு டீச்சர். கழித்தல் தெரியாதவளா?

அக்கா அந்த விரலையே பார்த்தாள்.

"அவ எப்ப செத்தா?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

"வயசாகித்தான்க்கா. பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டு."

அக்கா எழுந்து, குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் நெடுநேரம் ஓடியது. ஒரு டம்ளருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம். திரும்பி வந்து உட்கார்ந்து, "சொல்லு" என்றாள். அந்த அம்மா எல்லாவற்றையும் சொன்னார். 'சரி' வந்த இடத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"செத்துட்டான்னு அவர் சொல்லலக்கா. பறிகொடுத்தேன்னுதான் சொன்னாரு" என்றேன்.

"வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காதே. அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

கண்ணாடிக்கடை அம்மா கைப்பையை எடுத்தார். "நான் வந்திருக்கக் கூடாதுக்கா."

"உக்காரு. சாப்பிடாம எங்க போற?" அதட்டல்தான், ஆனால் குரல் எங்கோ இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, அந்தத் திங்கக்கிழமை கிளாஸ்ல யாரு நின்னா? ஐயாவா வந்து நின்னாரு? நான்ல நின்னேன்?"

"நீதான்க்கா நின்ன."

"எல்லாரும் அவரையே சொன்னாங்க. நானும் அவரையே சொன்னேன்."

அப்புறம் அக்கா அழுதாள். மகன் பெயரைச் சொல்லி அழுதாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். கண்ணாடிக்கடை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் யாருக்கும் வராத ஒரு காரியத்தைச் செய்தார். அக்காவின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

8

கல் பதித்தாயிற்று. அந்த வரி அதில் இல்லை. கமிட்டிக்காரர் கேட்டதற்கு "இடம் பத்தல" என்றாளாம் அக்கா. ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரிய கல். மலரில் என் பக்கம் வந்தது. ஐந்து பிள்ளைகள் பெயரும் அவரவர் வழியும் இருக்கின்றன. மூத்தவளுக்கு நேராகக் கண்ணாடிக்கடை அம்மாவின் குடும்பம். பிரசங்கம் இல்லை. அக்காவும் கண்ணாடிக்கடை அம்மாவும் இப்போது அடிக்கடி பேசிக்கொள்கிறார்கள். உறவுமுறையை எண்ணிப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டு, அக்கா அவரைக் 'கண்ணாடிக்காரி' என்றே கூப்பிடுகிறாள்.

ஒரு பக்கத்தில் அடங்காததை எல்லாம் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவு இரண்டு எழுதினேன்.

அ. தெருமுனையில் வண்டி நிற்கிறது. ஐயா இறங்கித் திரும்பி நடக்கிறார். வாசல் காலியாக இருக்கிறது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. தட்டுவதற்குக் கையை ஓங்குகிறார். இரண்டாவது முறை கூப்பிடத் தெரியாதவரின் கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது.

ஆ. வண்டி நிற்கவில்லை.

உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்கு முன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். இரண்டு சந்திப்பிழை, குதிரைக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தன் மகனைப் பற்றிய பகுதியில் ஒரு திருத்தமும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டாள்.

"ரெண்டு முடிவுலயும் ஐயாவையே பாத்துக்கிட்டிருக்க."

"கதையே அவரைப் பத்தினதுதானேக்கா."

"எல்லாரும் வண்டியில ஏறியாச்சுன்னு கண்ணாடிக்காரி சொன்னாளே. எல்லாரும்னா யாரு? அவளைப் பெத்தவளும் ஏறியிருப்பால்ல? அவ எங்கடா?"

வேண்டுமானால் முதலிலிருந்து புரட்டிப் பாருங்கள். இந்தக் கதையில் அவள் ஓரிடத்திலும் இல்லை. நான் ஒளித்துவைக்கவில்லை. நினைவே வரவில்லை. கண்ணாடிக்கடை அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவங்களைப் பத்தி எங்க வீட்டுல யாருமே ஒண்ணும் சொன்னதில்லையே சார்" என்றார்.

எனக்குத் தெரிந்து சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஐயாவின் கடைசி மகனான எங்கள் கொள்ளுத்தாத்தா அப்போது கைக்குழந்தை, ஆகவே அவள் மடியில் இருந்திருப்பார். வண்டியில் சாமான்களை முன்னால் அடுக்கிப் பெண்களும் குழந்தைகளும் பின்னால் உட்கார்ந்திருந்தால், அவள் முகம் வந்த வழியைப் பார்த்திருக்கும். ஐயா திரும்பிப் பார்த்தாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. தெரு திரும்பும் வரை மகள் அவள் கண் முன்னால்தான் நின்றிருப்பாள்.

கூப்பிட்டாளா? குதிக்கப் போனாளா? யாராவது கையைப் பிடித்துக்கொண்டார்களா? அல்லது அவளும் வாயைத் திறக்கவில்லையா?

"அதை எழுது" என்றாள் அக்கா.

"தெரியலையேக்கா."

"தெரியலன்னா அப்படியே விட்டுடு. தெரிஞ்சவங்க யாராவது படிப்பாங்க."

வண்டி நகர்ந்தபோது அவள்